செயின்ட் லூயிஸின் ஈட்ஸ் பாலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம். எதிர்க்கரை இல்லினாய் மாநிலம். இரண்டுக்கும் நடுவே 1874 முதல் நிற்கிறது ஈட்ஸ் பாலம்: மேல்தளத்தில் சாலை, கீழ்த்தளத்தில் ரயில். இந்தப் பாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் முதலில் கேட்பது யானைக் கதையை. அதற்கும் வருவோம். எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகத் தெரிவது வேறொன்று: பொறியியலில் இவ்வளவு பெரிய வெற்றி பெற்ற பாலம், அதில் பணம் போட்டவர்களை எப்படி ஒரே வருடத்தில் திவாலாக்கியது என்பது.

பாலம் ஏன் தேவைப்பட்டது? அதுவரை எப்படி ஆற்றைக் கடந்தார்கள்?

படகில்தான். கிழக்கிலிருந்து வரும் ரயில்கள் இல்லினாய் கரையோடு நின்றுவிடும். சரக்கை இறக்கி, விக்கின்ஸ் ஃபெர்ரி என்ற நிறுவனத்தின் படகில் ஏற்றி, அக்கரையில் மறுபடி இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கூலி, ஒவ்வொரு முறையும் தாமதம். குளிர்காலத்தில் ஆற்றில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால் அதுவும் நின்றுபோகும்.

நீராவிப் படகுகளால் வளர்ந்த ஊர் செயின்ட் லூயிஸ். ஆறு இருக்கும்வரை நமக்கு என்ன கவலை என்ற நினைப்பு அந்த ஊர் வியாபாரிகளுக்கு நெடுநாள் இருந்தது. இதற்கிடையில் வடக்கே, மிசிசிப்பியின் மேல் முதல் ரயில் பாலம் 1856-இல் ராக் ஐலண்டில் வந்துவிட்டது. சிகாகோவின் ரயில்கள் அதன் வழியே மேற்கே போக ஆரம்பித்தன. பாலம் திறந்த சில வாரங்களிலேயே எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு அதன் தூணில் மோதி எரிந்துபோனது. பாலத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து எரிந்தது. படகுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். செயின்ட் லூயிஸ் வியாபாரிகள் அவர்கள் பக்கம் நின்றார்கள். பாலத்தின் பக்கம் வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். ஆற்றோடு மேலும் கீழும் போகிறவனுக்கு உள்ள உரிமை, ஆற்றைக் குறுக்கே கடப்பவனுக்கும் உண்டு என்பது அவர் வாதம். 1857-இல் நடந்த விசாரணையில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பாலம் பிழைத்துக்கொண்டது.

பத்து வருடம் கழித்து அதே செயின்ட் லூயிஸ்காரர்களே பாலம் கேட்டு ஓட வேண்டியதாயிற்று. அதற்குள் சிகாகோ வெகுதூரம் போய்விட்டிருந்தது.

ஜேம்ஸ் ஈட்ஸ் யார்? பெரிய பாலப் பொறியாளரா?

இல்லை. இதற்கு முன் அவர் ஒரு பாலம்கூடக் கட்டியதில்லை. பொறியியல் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை.

1820-இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். 1833-இல் அவர் குடும்பம் செயின்ட் லூயிஸுக்கு வந்து சேர்ந்தபோது, வந்த படகே தீப்பிடித்து எரிந்தது. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் தெருவில் ஆப்பிள் விற்றான். அப்புறம் ஒரு துணிக்கடையில் வேலை. முதலாளி தன் வீட்டுப் புத்தகங்களைப் படிக்க அனுமதித்தார். ஈட்ஸுக்குக் கிடைத்த படிப்பு பெரும்பாலும் அந்த அலமாரியிலிருந்துதான்.

பிறகு நீராவிப் படகில் கணக்கர் வேலை. 1842-இல், மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கை மீட்கும் தொழிலில் இறங்கினார். அந்தக் காலத்தில் மிசிசிப்பியில் படகு மூழ்காத மாதமே கிடையாது, அதனால் தொழில் நன்றாகவே ஓடியது. உள்நாட்டுப் போர் வந்ததும் 1861-இல் வடக்குப் படைக்காக இரும்புக் கவசம் போட்ட ஏழு போர்ப்படகுகளை மிகக் குறுகிய காலத்தில் கட்டிக்கொடுத்தார். பாலத்துக்குப் பணம் திரட்டப் போனபோது அந்தப் பெயர் கைகொடுத்தது.

தூண்களை ஏன் அவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோனார்?

இங்கேதான் அவருடைய பழைய தொழில் வந்து நிற்கிறது. சரக்கு மீட்பதற்காக, அடிப்பகுதி திறந்த மணி போன்ற கூண்டுக்குள் நின்றுகொண்டு ஈட்ஸ் ஆற்றின் அடித்தரையில் நடந்திருக்கிறார். 1851 வெள்ளத்தின்போது 65 அடி ஆழத்தில் இறங்கிப் பார்த்தார். கால் வைத்த இடத்தில் தரையே இல்லை. குறைந்தது மூன்றடி ஆழத்துக்கு மணல் மொத்தமாக நகர்ந்துகொண்டிருந்தது.

வெள்ளம் வரும்போது நீர்மட்டம் உயர்வது கரையிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியும். அதே நேரத்தில் அடியில் ஆறு தன் படுகையைத் தோண்டிக்கொண்டே போகிறது என்பது, இறங்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். மணலில் அடித்து நிறுத்திய தூண் என்றைக்காவது ஒரு வெள்ளத்தில் போய்விடும் என்று அவர் உறுதியாக நம்பினார். அதனால் பாறைதான் அடித்தளம் என்பதில் பிடிவாதமாக இருந்தார். மேற்குக் கரைப் பக்கம் பாறை மேலாகவே கிடைக்கிறது. கிழக்கே போகப்போக ஆழம். ஆற்றின் நடுவே உள்ள கிழக்குத் தூண், நீர்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 94 அடியில் பாறையைத் தொட்டது. கிழக்குக் கரையில் பாலத்தின் முனையைத் தாங்கும் முட்டு அதைவிட ஆழம்.

அந்த ஆழத்தில் 1870-இல் எப்படி வேலை செய்தார்கள்?

1869-இல் உடல்நலத்துக்காக ஐரோப்பா போன ஈட்ஸ், பிரான்ஸின் விஷி நகரில் ஒரு பாலத்தின் வேலையைப் பார்த்தார். அங்கே காற்றழுத்தப் பெட்டி, அதாவது கெய்சன் என்ற முறையில் அடித்தளம் போட்டார்கள். திரும்பி வந்ததும் தன் திட்டத்தை அதற்கேற்ப மாற்றினார்.

முறை இதுதான். டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே கொஞ்சம் காற்று மிஞ்சுமே, அதேபோல அடி திறந்த ஒரு பிரம்மாண்ட இரும்புப் பெட்டி. உள்ளே அழுத்தமான காற்றைத் தொடர்ந்து செலுத்தினால் தண்ணீர் ஏறாது. ஆட்கள் உள்ளே நின்று மணலைத் தோண்டுவார்கள். பெட்டியின் கூரைமேல் கல் தூணைக் கட்டிக்கொண்டே போவார்கள். கீழே மணல் குறையக் குறைய, மேலே எடை கூடக் கூட, பெட்டி தானாகவே இறங்கும். தோண்டிய மணலை வெளியேற்ற ஈட்ஸே ஒரு பம்பு வடிவமைத்தார். தண்ணீரைப் பீய்ச்சி, அந்த வேகத்தில் மணலை மேலே இழுத்துத் தள்ளும் கருவி அது. பாறையைத் தொட்டதும் அறையைக் கான்கிரீட்டால் நிரப்பிவிடுவார்கள். பெட்டி அங்கேயே கிடக்கும்.

உள்ளே மெழுகுவத்திதான் வெளிச்சம். அழுத்தம் கூடினால் குரல் கீச்சென்று மாறும், ஊதினாலும் சுடர் அணையாது. ஆரம்பத்தில் பார்க்க வந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

எத்தனை பேர் இறந்தார்கள்?

அந்தக் காற்றழுத்தப் பெட்டியில் வேலை செய்ததால் வந்த நோயால் மட்டுமே ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்கள். கை கால் விளங்காமல் போனவர்கள் தனி.

ஆழம் 60 அடியைத் தாண்டியதும் ஆட்களுக்கு மூட்டுவலியும் கால் மரத்துப்போவதும் தொடங்கின. வலியில் முன்னால் குனிந்தபடி நடந்தார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் நாகரிகத்துக்காக அப்படிக் குனிந்து நடப்பதை 'கிரேக்க வளைவு' என்று சொல்வார்கள். கூட வேலை செய்தவர்கள் அதே பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். ஆழ்கடல் முக்குளிப்பவர்கள் இன்றும் 'பெண்ட்ஸ்' என்று சொல்லும் நோயின் பெயர் அப்படி வந்ததுதான் என்பார்கள். 1870 மார்ச்சில், தூண் பாறையைத் தொட்ட பிறகு, மரணங்கள் ஆரம்பித்தன.

ஈட்ஸின் குடும்ப மருத்துவர் அல்ஃபோன்ஸ் ஜாமினேவைக் கவனிக்கச் சொன்னார்கள். அவரும் கீழே இறங்கினார். 95 அடி ஆழத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, மூன்றரை நிமிடத்தில் வெளியே வந்தார். வீட்டுக்குப் போனதும் உடம்பு செயலற்றுப் போய், செத்துப் பிழைத்தார். அதன் பிறகு வேலை நேரத்தை வெகுவாகக் குறைத்தார், ஓய்வும் நல்ல சாப்பாடும் கட்டாயம் என்றார். சாவு குறைந்தது.

ஆனால் மூல காரணம் அவர் கைக்கு எட்டவில்லை. உள்ளே எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதைப் போலவே எவ்வளவு வேகமாக வெளியே வந்தோம் என்பதும் முக்கியம். அழுத்தத்தில் ரத்தத்தில் கரையும் நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறைந்தால் குமிழியாகிவிடும். சோடா பாட்டிலைத் திறப்பது போல. 1878-இல் பிரெஞ்சு அறிவியலாளர் பால் பெர் இதை விளக்கினார். பாலம் திறந்து நான்கு வருடம் கழித்து. மெதுவாக வெளியே விட்டிருந்தால் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள் என்பது இப்போது படிக்கும்போது நெஞ்சை உறுத்துகிற விஷயம்.

உலகின் முதல் எஃகுப் பாலம் இதுதானா?

எஃகை முதன்மையாக நம்பிக் கட்டிய முதல் பெரிய பாலம் என்று சொன்னால் சரி. அதற்கு முன் பெரிய பாலங்களெல்லாம் வார்ப்பிரும்பு, தேனிரும்பு. எஃகு விலை அதிகம், தரமும் ஒரே சீராக இருக்காது என்று பயந்தார்கள்.

ஈட்ஸ் குரோமியம் கலந்த எஃகைக் கேட்டார். மூன்று வளைவுகள்: 502 அடி, 520 அடி, 502 அடி. ஒவ்வொன்றையும் தாங்குவது நான்கு விலா. ஒவ்வொரு விலாவும் 18 அங்குல விட்டமுள்ள இரண்டு எஃகுக் குழாய்களால் ஆனது. பழைய மரப் பீப்பாயைப் போல, ஆறு நீளத் துண்டுகளை வட்டமாகச் சேர்த்து மேலே உறை போட்டது ஒவ்வொரு குழாயும். ஏதாவது ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

மேல்கட்டுமானத்தை எடுத்தது ஆண்ட்ரூ கார்னெகியின் கீஸ்டோன் பாலக் கம்பெனி. கார்னெகிக்கும் ஈட்ஸுக்கும் ஓயாத உரசல். ஈட்ஸ் ஒவ்வொரு பாகத்தையும் இயந்திரத்தில் இழுத்தும் நெருக்கியும் சோதிப்பார்; தேறாததைத் திருப்பி அனுப்பிவிடுவார். கார்னெகிக்குத் தாமதம் என்றால் நஷ்டம். வேடிக்கை என்னவென்றால், பாலத்தின் கடன் பத்திரங்களை லண்டனில் ஜூனியஸ் மார்கன் என்ற வங்கியாளரிடம் விற்றுக்கொடுத்ததும் இதே கார்னெகிதான். பத்திரத்தில் கமிஷன், கட்டுமானத்தில் லாபம். இந்தக் கதையில் நஷ்டப்படாத சிலரில் அவரும் ஒருவர்.

வளைவை இணைக்கப் பனிக்கட்டியைப் பயன்படுத்தினார்கள் என்ற கதை உண்மையா?

உண்மை. கீழே சாரம் கட்டினால் படகுப் போக்குவரத்து நின்றுவிடும். அதனால் தூண்களின் இரு பக்கமும் எஃகு விலாக்களை அந்தரத்தில் நீட்டிக்கொண்டே வந்து, நடுவில் இணைப்பது என்று முடிவு செய்தார்கள். பின்னாலிருந்து வடங்கள் தாங்கிப் பிடிக்கும். இவ்வளவு பெரிய வளைவை அப்படி யாரும் அதுவரை கட்டியதில்லை.

1873 செப்டம்பர் 19-க்குள் முதல் வளைவு இணைந்தால்தான் லண்டனிலிருந்து 5 லட்சம் டாலர் கடன் வரும். நேரம் பார்த்து வெயில் கொளுத்தியது. எஃகு விரிந்து, இடைவெளியில் கடைசித் துண்டு நுழையவில்லை. சில அங்குலம் இடித்தது. ஈட்ஸ் அப்போது லண்டனில். இங்கே உதவிப் பொறியாளர் ஹென்றி ஃப்ளாடும் ஆட்களும் குழாய்களைச் சுற்றி மரத் தொட்டி கட்டி, பனிக்கட்டியைக் கொட்டிக் குளிரவைத்துப் பார்த்தார்கள். சுருங்கியது, போதவில்லை.

ஈட்ஸ் இதையும் எதிர்பார்த்து, திருகி நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரு இணைப்பைப் புறப்படும் முன்பே வடிவமைத்து வைத்திருந்தார். அதைப் பொருத்தி செப்டம்பர் 17 இரவு வளைவை மூடினார்கள். மறுநாள், செப்டம்பர் 18, ஜே குக் என்பவரின் பெரிய வங்கி விழுந்தது. அமெரிக்கா முழுக்க நிதி நெருக்கடி பரவியது. பாலம் ஒரு நாள் வித்தியாசத்தில் தப்பித்தது.

ராணுவத் துறை பாலத்தை எதிர்த்ததாமே?

ஆமாம். படகு நிறுவனங்கள் கடைசி நேரத்தில் கிளம்பின. வளைவு என்பதால் நடுவில்தான் உயரம், ஓரத்தில் தாழ்வு. எங்கள் படகின் உயரமான புகைபோக்கிகள் இடிக்கும் என்றார்கள். போர்த்துறைச் செயலர் வில்லியம் பெல்க்னப் ராணுவப் பொறியாளர் குழு ஒன்றை அனுப்பினார். பாலம் இடைஞ்சல்தான் என்று அது அறிக்கை கொடுத்தது. பரிகாரமாக, கிழக்குக் கரையில் படகுகளுக்கென்று தனிக் கால்வாய் வெட்டச் சொன்னது. கிட்டத்தட்ட முடிந்த பாலத்துக்கு!

ஈட்ஸ் நேராக ஜனாதிபதி யுலிசஸ் கிராண்டைப் போய்ப் பார்த்தார். கிராண்ட் செயின்ட் லூயிஸில் வாழ்ந்தவர், போரில் ஈட்ஸின் கவசப் படகுகளைப் பயன்படுத்திய தளபதியும்கூட. விஷயத்தை இத்தோடு விட்டுவிடும்படி பெல்க்னப்பிடம் சொல்லிவிட்டார்.

சரி, யானை?

1874 ஜூன் 14 அன்று ஒரு யானையைப் பாலத்தில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். யானை பலவீனமான இடத்தில் கால் வைக்காது என்ற மக்கள் நம்பிக்கைக்காக. அது தயங்காமல் அக்கரை போனதும் கூட்டம் ஆர்ப்பரித்தது.

பொறியாளர்களுக்கு அது போதாது. ஜூலை 2 அன்று ஈட்ஸ் 14 ரயில் எஞ்சின்களைப் பாலத்தில் முன்னும் பின்னும் ஓட்டிச் சோதித்தார். யானையைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது, எஞ்சின்களை இல்லை. ஜூலை 4 அன்று பல மைல் நீள ஊர்வலத்தோடு திறப்பு விழா.

லாபம் வந்ததா?

வரவில்லை. பாலம் தயார், ஆனால் ரயில்கள் வரவில்லை. பாலத்திலிருந்து நகருக்கடியில் ஏறக்குறைய ஒரு மைல் நீளச் சுரங்கம். அதைத் தாண்டினால் பொதுவான ரயில் நிலையமே இல்லை. அது 1875-இல்தான் வந்தது. பழைய படகு நிறுவனத்தோடு பழகிய ரயில் கம்பெனிகள் அங்கேயே ஒட்டிக்கொண்டன. நாடு முழுக்க மந்தம் வேறு.

1875 ஏப்ரலில் பாலக் கம்பெனி திவால். வட்டி, கமிஷன், சுரங்கம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1 கோடி டாலர் விழுங்கிய பாலம் 1878 டிசம்பரில் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அப்புறம் யார் கைக்குப் போனது?

1881-இல் ஜே கூல்ட் என்ற ரயில்வே முதலாளியின் பிடிக்குள் வந்தது. 1889-இல் பல ரயில் கம்பெனிகள் சேர்ந்து டெர்மினல் ரயில்ரோடு அசோசியேஷன் என்ற அமைப்பை உருவாக்கி, பாலத்தையும் சுரங்கத்தையும் அதன்கீழ் வைத்தன. 1890-இல் போட்டியாக மெர்ச்சன்ட்ஸ் பாலம் கட்டினார்கள்; சில வருடத்தில் அதையும் இந்த அமைப்பு விழுங்கிவிட்டது.

ஆற்றைத் தாண்டி வரும் சரக்குக்குக் கூடுதல் கட்டணம் வைத்தார்கள். இல்லினாய் நிலக்கரி எரித்துத் தொழில் நடத்தும் நகரம் அது, எனவே அடி எல்லோர் மேலும் விழுந்தது. எதிர்க்கரைக்கே ஆலையைக் கொண்டுபோனவர்களும் உண்டு. நகரத்தைக் காப்பாற்றக் கட்டிய பாலம் நகரத்தின் கழுத்தில் சுங்கச்சாவடியாக உட்கார்ந்துகொண்டது. வழக்கு 1912-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அமைப்பைக் கலைக்கச் சொல்லாமல், எல்லா ரயில் கம்பெனிக்கும் சமமான நிபந்தனையில் இடம்கொடு என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. போட்டிச் சட்டம் படிக்கும் அமெரிக்க மாணவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

பொறுமை இழந்த நகரம் தானே ஒரு பாலம் கட்டி 1917-இல் திறந்தது. அதன் பெயரே இலவசப் பாலம். பின்னாளில் அதற்கு மக்ஆர்தர் பாலம் என்று பெயர் மாறியது.

செயின்ட் லூயிஸ் சிகாகோவை எட்டிப் பிடித்ததா?

1870 கணக்கெடுப்பில் செயின்ட் லூயிஸ் 3,10,864 பேர் என்று காட்டி சிகாகோவை முந்தியது. அந்த எண்ணிக்கை ஊதிப் பெருக்கியது என்ற பேச்சு அப்போதே உண்டு. 1880-இல் செயின்ட் லூயிஸ் 3,50,518, சிகாகோ 5,03,185. நடுவில் சிகாகோ 1871-இல் தீப்பிடித்து எரிந்து மீண்டும் எழுந்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புயலில் சேதமானதா?

1896 மே 27 அன்று ஒரு பெரும் சுழற்காற்று நகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. 250-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பாலத்தின் கிழக்கு அணுகுபாதையின் மேல்பகுதி பிய்ந்துபோனது. ஒரு மரப்பலகை இரும்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு நிற்கும் புகைப்படம் அந்த நாளில் எடுத்ததுதான். எஃகு வளைவுகள் மூன்றும் அசையவில்லை.

இப்போதும் ரயில் ஓடுகிறதா?

ஓடுகிறது, வேறு ரயில். 1974-இல் நீண்டதூரப் பயணிகள் ரயில் நின்ற பிறகு கீழ்த்தளம் சும்மா கிடந்தது. 1989-இல் ஒரு பண்டமாற்று நடந்தது: நகரம் தன் மக்ஆர்தர் பாலத்தை டெர்மினல் அமைப்புக்குக் கொடுத்து, ஈட்ஸ் பாலத்தை வாங்கிக்கொண்டது. கட்டணத்துக்கு எதிராகக் கட்டிய இலவசப் பாலம், கட்டணம் வாங்கியவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது! 1993 ஜூலை 31 முதல் மெட்ரோலிங்க் என்ற நகர ரயில் பாலத்தின் கீழ்த்தளத்திலும் பழைய சுரங்கத்திலும் ஓடுகிறது. நகர மையத்தின் இரண்டு நிலையங்கள் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே இருக்கின்றன.

சாலைத் தளம் 1991-இல் மூடி 2003-இல் திரும்பத் திறந்தது. 2012 முதல் 2016 வரை இன்னொரு பெரிய சீரமைப்பு நடந்தது. 1964 முதலே தேசிய வரலாற்றுச் சின்னம்.

நடந்து கடக்கலாமா?

கடக்கலாம். மேல்தளத்தில் நடைபாதை இருக்கிறது. நடு வளைவின் மேல் நின்றால், கீழே ரயில் போகும்போது அதிர்வு காலில் தெரியும்.